எண்ணினாயா, நினைத்தாயா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், விலங்கியல் துறையின் 1977–80 அணியைச் சேர்ந்த முன்னாள் மாணவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நீங்க இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்திருக்கீங்க. பசங்களுக்கு அங்கே உள்ள வேலை வாய்ப்பு பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கேட்டார். நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்குத் தெரிந்த வேலை வாய்ப்பெல்லாம் பழைய கதை. ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சம்பளமே இல்லாத ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலை உச்சியில் உட்கார்ந்து பருந்து எண்ணுகிற வேலை அது. சிரிக்காதீர்கள். என் மனைவியும் முதலில் இப்படித்தான் சிரித்தாள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கல்லூரிக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. கட்டணப் பாக்கி அல்ல. விடுதி மெஸ் பாக்கியும் அல்ல, அதை அப்போதே அப்பா கட்டிவிட்டார். இது வேறு கடன். பேச்சின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

நம் ஊரில் பருந்துக்கு இரண்டு முகம் உண்டு. பாட்டிக்கு அது கோழிக்குஞ்சைத் தூக்குகிற திருடன். அதே பாட்டி, கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறதா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பாள். வந்துவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் இந்த இரண்டு எண்ணங்களோடும்தான் அமெரிக்கா போனேன். பென்சில்வேனியா மாநிலத்தில் அலன்டவுன் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1997 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, உடன் வேலை பார்த்தவர் ஒருவர், "வா, பருந்து பார்க்கப் போகலாம்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். ஒரு மைல் தூரம் காட்டுப்பாதையில் நடந்து, பாறைகள் மேல் ஏறினால் உச்சி வருகிறது. உயரம் சுமார் 1,500 அடிதான். நம் கொல்லிமலைக்குப் பக்கத்தில் வைத்தால் குன்று என்றுதான் சொல்லவேண்டும். அதன் பெயர் ஹாக் மவுன்டன். பருந்து மலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அந்த மலைக்குப் பறவைகள் வருகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வடக்கே கனடா, நியூ இங்கிலாந்து பகுதிகளில் குளிர் தொடங்கும்போது இரை குறைந்துவிடும். பருந்து, கழுகு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகள் தெற்கே கிளம்பும். இதற்கு நம் தமிழில் வலசை போதல் என்று அழகான பெயர் இருக்கிறது. பெரிய பறவை ஆயிரக்கணக்கான மைல் சிறகடித்துக்கொண்டே போனால் உடம்பு தாங்காது. எனவே காற்றின் செலவில் போகப் பார்க்கும். அந்தப் பகுதியில் கிட்டட்டினி என்ற மலைத்தொடர், தென்மேற்காக நீண்ட மதில்போலக் கிடக்கிறது. வடமேற்குக் காற்று வந்து மதிலில் மோதினால் மேலே எழும்பத்தானே வேண்டும்? அப்படி எழும்புகிற காற்றின் மேல் பறவை சிறகை விரித்துப் படுத்துக்கொள்கிறது. சிறகை அசைக்காமலே மைல் கணக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு வழி, வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று. அதில் சுற்றிச்சுற்றி உயரே ஏறி, உச்சியிலிருந்து அடுத்த வெப்பக்காற்றுவரை சறுக்கி இறங்கும். மதில் ஓரமாகவே எல்லாம் போவதால், மலையுச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சில பறவைகள் கண்ணுக்கு நேராக, சில சமயம் காலுக்குக் கீழேகூடப் போகும். பருந்தின் முதுகை நான் வாழ்க்கையில் முதன்முறை பார்த்தது அங்கேதான்.

கண்ணுக்கு நேராகப் போகிற பறவையைப் பார்க்க வசதி, சுடவும் வசதி. அந்த மலையின் பழைய கதை அதுதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பருந்து என்றால் பாட்டி சொன்ன முதல் முகம் மட்டும்தான். கோழியைத் தூக்கும், வேட்டைக்காரனுக்குரிய பறவைகளைத் தின்னும், எனவே கொல்லப்பட வேண்டியது. 1929இல் பென்சில்வேனியா அரசே காஸ்ஹாக் என்ற பருந்தின் தலைக்கு 5 டாலர் பரிசு வைத்தது. இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக்காரர்கள் இந்தப் பாறைகளில் வரிசையாக உட்கார்ந்து, வருகிற பறவையை எல்லாம் சுட்டுத்தள்ளினார்கள். தின்பதற்கு அல்ல. பொழுதுபோக்கு. 1932இல் ரிச்சர்ட் போ என்ற பறவை ஆர்வலர் அங்கே போய், செத்தும் குற்றுயிருமாகக் கிடந்த பறவைகளைப் பொறுக்கிக் காட்டுத் தரையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. மீன் கடையில் கருவாடு பரப்பியதுபோல இருக்கும்.

படத்தைப் பார்த்துப் பலர் வருத்தப்பட்டார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் வருத்தப்பட்டதோடு நிற்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிப் பழகியவர். அப்போது வயது ஐம்பதுக்கு மேல். சட்டம் மாறட்டும் என்று காத்திருக்காமல், 1934இல் அந்த மலையையே, சுமார் 1,400 ஏக்கரை, 500 டாலருக்குக் குத்தகைக்கு எடுத்தார். மாரிஸ் புரூன் என்ற இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். "இது தனியார் நிலம். இங்கே சுடக் கூடாது." அவ்வளவுதான். புரூன் பாதைகளில் அறிவிப்புப் பலகை அடித்தார். இர்மா வாயிலில் நின்று துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். ஊர்க்காரர்கள் திட்டினார்கள், மிரட்டினார்கள். ஆனால் அந்த இலையுதிர்காலத்திலேயே மலைமேல் சுடுவது நின்றுபோனது. பிறகு எட்ஜ் அம்மையார் அந்த நிலத்தை வாங்கி, 1938இல் ஒரு சங்கத்தின் பெயருக்கு எழுதிவைத்தார். வேட்டைப் பறவைகளுக்கென்றே உலகில் அமைந்த முதல் சரணாலயம் அது.

ஆனால் நான் இன்று பேச வந்தது அதன்பின் புரூன் செய்த காரியத்தைப் பற்றி. காவல் காக்க வந்த மனிதர், உச்சிப் பாறையில் உட்கார்ந்து, கடந்துபோகிற பறவைகளை எண்ணித் தாளில் எழுத ஆரம்பித்தார். எதற்காக? யாரும் கேட்கவில்லை. பட்டம் வாங்குவதற்கான ஆய்வும் இல்லை. இன்ன தேதி, இன்ன பறவை, இத்தனை, காற்று இந்தத் திசை, மேகம் இவ்வளவு. 1934இல் தொடங்கிய கணக்கு, உலகப்போரின்போது 1943 முதல் 1945 வரை நின்றது. புரூன் கடற்படைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 1946இல் மறுபடி அதே பாறையில் உட்கார்ந்தார். 1966இல் ஓய்வு பெற்றார். வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை அந்தக் கணக்கு நடக்கிறது. உலகத்திலேயே நீண்ட காலமாக எழுதப்பட்டுவரும் வேட்டைப் பறவைக் கணக்கு அது. சராசரியாக ஒரு பருவத்தில் சுமார் 18,000 பறவைகள்.

எண்ணுவது எப்படி என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

எதிரே தெரிகிற மலைத்தொடரில் ஐந்து மேடுகள் உண்டு. அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான் பெயர். யாராவது ஒருவர், "மூன்றுக்கு மேலே ஒரு பறவை" என்று குரல் கொடுப்பார். எல்லாருடைய தொலைநோக்கியும் அங்கே திரும்பும். முதலில் மிளகளவு ஒரு புள்ளி. நிறம் தெரியாது. உருவத்தையும் நடத்தையையும் வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். சிறகைப் பலகைபோலத் தட்டையாக விரித்து ஆடாமல் வந்தால் கழுகு. சிறகை மேல்நோக்கித் தூக்கி, குடித்தவன்போல இருபுறமும் சாய்ந்து சாய்ந்து வந்தால் டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னி. சிறகு மணிக்கட்டில் மடங்கியிருந்தால் மீன் பிடிக்கும் விராலடிப்பான். நாலைந்து தரம் வேகமாகச் சிறகடித்து, பிறகு சறுக்கி, மறுபடி சிறகடித்தால் சிறிய காட்டுப் பருந்து. சிறகு நுனி கூர்மையாக, நேர்கோட்டில் பாய்ந்தால் ராஜாளி இனம். நம்மூரில் அரை மைல் தூரத்தில் நடந்து வருகிறவரை நடையை வைத்தே மாமாவா சித்தப்பாவா என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதே வித்தைதான்.

பருவத்துக்கு ஒரு வரிசை உண்டு. செப்டம்பர் நடுவில் அகலச் சிறகுப் பருந்துகள், கூட்டம் கூட்டமாக. அக்டோபரில் சிறிய காட்டுப் பருந்துகள். நவம்பர் குளிரில் செவ்வால் பருந்தும் பொன்னிறக் கழுகும். குளிர்காற்று ஒன்று கடந்துபோன மறுநாள் வடமேற்குக் காற்று வீசினால் வேட்டைதான். மூடுபனி நாளில் ஒன்றும் வராது. அப்போதும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். பறவை இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. பூஜ்யம் போட வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் "ஆள் இல்லை". பூஜ்யம் என்றால் "ஆள் இருந்தார், பறவை இல்லை". இரண்டும் ஒன்றல்ல.

முதல் இரண்டு ஆண்டுகள் வேடிக்கை பார்க்கப் போனேன். பிறகு உதவியாளாகச் சேர்ந்தேன். அன்றைக்குக் கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபது வயதிருக்கும். செப்டம்பர் நடுப்பகுதி, பதினோரு மணி வெயில். ஒரு பெரிய கூட்டம் வெப்பக்காற்றில் சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. கொதிக்கிற உலையில் அரிசி சுழல்வதுபோல இருந்தது. நான் பெருமையாக, "முந்நூறு இருக்கும்" என்றேன்.

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணினாயா, நினைத்தாயா?" என்று கேட்டார்.

"நினைத்தேன்" என்றேன்.

"அப்படியானால் எண்ணு" என்றார். பிறகு எப்படி என்று சொல்லித் தந்தார். சுழலும்போது எண்ணாதே, ஒன்றையே இரண்டு முறை எண்ணுவாய். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து கோடாகச் சறுக்கும். அந்தக் கோட்டில் எண்ணு. கையில் பொத்தான் அமுக்குகிற கருவியைக் கொடுத்தார். பஸ் ஏறும் பயணிகளை நடத்துநர் எண்ணுவதுபோல அமுக்கிக்கொண்டே வந்தேன். 187. நான் சொன்ன முந்நூறில் நூற்றுக்கும் மேல் காற்றிலிருந்து பிடித்தது. அவர் 187 என்று எழுதிக்கொண்டார். திட்டவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அதற்குக் காரணம் அந்த நூறு பறவைகள் அல்ல, வேறு. அதைச் சொல்வதற்கு முன், இப்படி ஒவ்வொன்றாக எண்ணுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் சின்னம். அவர்களுடைய நாணயத்திலும் முத்திரையிலும் இருக்கும். அதன் தலை வெள்ளையாக ஐந்து வயதாகும். அதற்குமுன் குஞ்சும் இளசும் கரும்பழுப்பு. எனவே தூரத்திலிருந்தே இளசா, முதிர்ந்ததா என்று சொல்லிவிடலாம். புரூன் கழுகு என்று மட்டும் எழுதாமல், இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்றும் பிரித்து எழுதிவந்தார். 1935 முதல் 1939 வரை பார்த்த கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20. 1957ஆம் ஆண்டில் மட்டும் பார்த்தால், முதிர்ந்தவை 32க்கு ஓர் இளசுதான். கழுகுகள் வருகின்றன, ஆனால் பிள்ளைகளைக் காணோம்.

ஊரில் பெரியவர்கள் எல்லாரும் இருந்து, ஆரம்பப் பள்ளியில் மட்டும் பிள்ளை சேரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அதே அர்த்தம்தான். ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் 1962இல் வெளிவந்த 'சைலன்ட் ஸ்பிரிங்' என்ற நூலில் இந்தக் கணக்கை எடுத்துப் போட்டார். போருக்குப் பிறகு வயலிலும் காட்டிலும் கொசுவுக்கும் பூச்சிக்கும் டி.டி.டி. மருந்தை அள்ளித் தெளித்தார்கள். அது தண்ணீரில் இறங்கி, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் உடம்பில் குவிந்தது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே நொறுங்கியது. ஓடு மெலிந்த விஷயத்தை 1967இல்தான் இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைகளை எடைபோட்டு வெளிப்படுத்தினார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. கழுகுகள் மெல்ல மெல்லத் திரும்பின. 2007இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகை எடுத்தார்கள். இப்போது அந்த மலையில் அதைப் பார்க்காத செப்டம்பர் நாள் அபூர்வம்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. புரூன் 1935இல் எழுதும்போது டி.டி.டி. விவசாயத்துக்கு வந்திருக்கவில்லை. பின்னாளில் இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியாது. கேள்வி வருவதற்கு முன்பே பதிலின் பாதியை எழுதி வைத்திருந்தார். 1957இல் "32க்கு ஒன்று" என்பது அதிர்ச்சி தந்ததற்குக் காரணம், பக்கத்தில் வைத்துப் பார்க்க 1930களின் கணக்கு இருந்ததுதான்.

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்காதீர்கள். காற்று மாறினால் பறவை வேறு பாதையில் போகும். பார்ப்பவர் கூடினால் எண்ணிக்கை கூடும். குளிர் குறைந்தால் சில பறவைகள் வடக்கிலேயே தங்கிவிடும். மலையில் எண்ணிக்கை குறையும், பறவை குறைந்திருக்காது. அதனால்தான் ஓராண்டுக் கணக்கை வைத்து யாரும் பேசுவதில்லை. நேரம், காற்று, ஆள் எத்தனை என்பதையும் எழுதுவதும் அதனால்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். பாறு என்று நாம் சொல்லும் பிணந்தின்னிக் கழுகுகளின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் விபு பிரகாஷ் பாறுகளை எண்ணியிருந்தார். 1990களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணியபோது பாதிக்கு மேல் காணவில்லை. கூடுகள் வெறுமை. அப்போதுதான் உலகம் விழித்தது. கால்நடைகளுக்கு ஊசியாகப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடை மருந்தாக அதற்குத் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோது செத்த மாட்டைச் சுற்றிப் பாறுகள் உட்கார்ந்திருந்ததை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். எத்தனை என்று யாராவது எழுதிவைத்தோமா?

இன்னொரு கதை நல்ல கதை. நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கம். சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலிருந்தும் சீனத்தின் வடகிழக்கிலிருந்தும் கிளம்பும் அமுர் வல்லூறு, புறா அளவு பறவை, அக்டோபரில் லட்சக்கணக்கில் அங்கே இறங்கி ஓய்வெடுக்கும். பிறகு இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலை நிற்காமல் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகும். 2012இல் சிலர் அங்கே போய்ப் பார்த்தபோது, மீன்வலைகளைக் கட்டி அவற்றைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். செய்தியும் படமும் வெளியாயின. அடுத்த ஆண்டு, 2013இல், ஊர்ச் சபைகளே கூடித் தடை போட்டன. அந்தப் பருவத்தில் ஒரு பறவையும் வலையில் சாகவில்லை. அதே ஆண்டு மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். பென்சில்வேனியாவில் மலையை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. நாகாலாந்தில் ஊரே வலையை அவிழ்த்தது. இது நமக்குப் பெருமை.

இப்போது என் கடனுக்கு வருகிறேன்.

1978ஆம் ஆண்டு. இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. எங்கள் பேராசிரியர் (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்) எனக்கும் என் அறைத்தோழனுக்கும் ஒரு வேலை கொடுத்தார். கல்லூரிக்குப் பின்னால் உள்ள ஏரிக்கரையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பத்துச் சனிக்கிழமை, காலை ஆறரை முதல் எட்டரை வரை நின்று, பறவைகளை எண்ணி ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காகப் போனோம். நாலாவது வாரம் மழை. ஐந்தாவது வாரம் முதல் நாள் இரவுக் காட்சி பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டோம். பிறகு போகவே இல்லை. டிசம்பரில் நோட்டு கொடுக்க வேண்டிய முதல் நாள் இரவு, விடுதி அறையில் தேநீர் குடித்துக்கொண்டே மீதி ஏழு வாரத்தையும் எழுதி முடித்தோம். ஒரு வாரம் நாரை 40, அடுத்த வாரம் 36, மாற்றி மாற்றிப் போட்டால் இயற்கையாக இருக்கும் என்று என் யோசனை. நவம்பரில் ஒரு வாரத்துக்கு "விராலடிப்பான் 2, பூனைப்பருந்து 3" என்று எழுதினேன். குளிர்காலத்தில் அவை வரும் என்று புத்தகத்தில் இருந்தது. சார் இருபதுக்குப் பதினெட்டு போட்டார். அறைத்தோழனும் இந்த அவையில்தான் இருக்கிறான். சிரிப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, மாணவர் விளையாட்டு என்று மறந்துவிட்டேன். 2006இல் ஓய்வு பெற்ற எங்கள் சாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஏரியின் ஒரு பகுதியை நிரப்பிக் கட்டடம் கட்ட யோசனை நடக்கிறது என்றும், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து மனு கொடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். "அங்கே பறவையே வந்ததில்லை என்று சொல்கிறார்கள். உன் 1978 நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. விராலடிப்பான், பூனைப்பருந்து எல்லாம் குறித்திருக்கிறாய். மனுவில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் அந்த நோட்டை வைத்திருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்தது அக்டோபரில். அந்த வாரம்தான் மலையில் உட்கார்ந்து ஒரு விராலடிப்பானை எழுதியிருந்தேன். உலகம் முழுவதும் உள்ள பறவை அது. அங்கேயும் அதுதான், நம் ஏரியிலும் அதுதான். எனக்கு அந்த ஆசிரியை கேட்ட கேள்வி காதில் விழுந்தது. எண்ணினாயா, நினைத்தாயா? நவம்பரில் அந்தச் சனிக்கிழமை விராலடிப்பான் ஏரிக்கு வந்திருக்கலாம். வந்தே இருக்கலாம். நான் அங்கே இல்லை. உண்மையிலேயே வந்த பறவைக்குச் சாட்சி இல்லாமல் செய்தது நான்.

இரண்டு நாள் கழித்து சாருக்குப் பதில் எழுதினேன். பத்தில் ஏழு வாரம் பொய் என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஆனால் கை இரண்டாம் ஆண்டு மாணவன் கைபோல நடுங்கியது. அவரிடமிருந்து வந்த பதிலில் கோபம் இல்லை. "மூன்று வாரம் உண்மைதானே? எந்த மூன்று என்று தேதி குறித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்றைச் சேர்க்கிறேன்" என்று எழுதியிருந்தார். அனுப்பினேன். அந்த மூன்று வாரத்தில் விராலடிப்பான் இல்லை. நாரை, நீர்க்காகம், உள்ளான், பருந்து, அவ்வளவுதான். ஏரியில் ஒரு பகுதி போய்விட்டது, மீதி இருக்கிறது. என் ஏழு வாரமும் உண்மையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டபோது கொடுக்க என்னிடம் இல்லை. சார், அன்று கடிதத்தில் கேட்ட மன்னிப்பை இன்று எல்லார் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதிலாக நிற்கும் மலை நமக்கு வேண்டாம். விலங்கியல் துறை மொட்டை மாடி போதும். அங்கிருந்து ஏரியும் தெரிகிறது, அதற்கு அப்பால் உள்ள தரிசும் தெரிகிறது. அக்டோபரில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் நம் மாநிலத்துப் புல்வெளிகளுக்கு வருகின்றன. மாலையில் தாழப் பறந்து வந்து தரையில் புல்லுக்குள் இரவு தங்கும். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் ஜனவரி வரை, வாரம் ஒரு நாள், அதே மாடி, அதே இரண்டு மணி நேரம். காற்று, மேகம், ஆள் எத்தனை என்று எழுதுங்கள். இன்று செல்பேசியிலேயே இபேர்டில் பதியலாம்; பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம். ஆனால் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துறை அலமாரியில் இருக்கட்டும். தெரியாத பறவையைத் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். பருந்து மலையிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. அனுபவசாலிகளும் அதை நிரப்புகிறார்கள். மழை வந்து போகாவிட்டால் "போகவில்லை" என்று எழுதுங்கள். போய் ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம். நீங்கள் போடுகிற பூஜ்யத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று துறைத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தொலைநோக்கி நான்கு வாங்கி வந்திருக்கிறேன். துறையிடம் ஒப்படைக்கிறேன். கூடவே ஒரு நோட்டும். அதன் முதல் மூன்று பக்கத்தில் 1978ஆம் ஆண்டின் மூன்று சனிக்கிழமைகளை, சார் வைத்திருந்த நோட்டைப் பார்த்து, என் கையால் திரும்ப எழுதியிருக்கிறேன். நாலாம் பக்கத்திலிருந்து ஏழு பக்கங்களில் தேதி மட்டும் போட்டு, "போகவில்லை" என்று எழுதியிருக்கிறேன். பதினோராவது பக்கத்திலிருந்து நீங்கள் எழுத வேண்டும்.

நாளை சனிக்கிழமை. மாலை நாலரைக்கு மாடிச் சாவி வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் வரலாம். சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படியேறக் கை கொடுக்க இரண்டு பேர் வேண்டும்.